ஐப்பசி பிறக்கும் முன்: புயல், வெள்ளத்தில் குடும்பப் பணத்தைக் காக்க கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள், மெழுகுவத்தி வாங்குவார்கள், படகைக் கரையேற்றிக் கட்டுவார்கள், மாட்டை மேட்டுக்கு ஓட்டுவார்கள். 2004 சுனாமிக்கும் 2011 தானே புயலுக்கும் பிறகு உயிரைக் காப்பதில் நாம் நிறையவே தேறிவிட்டோம். பணத்தைக் காப்பதில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. மழை விட்டு, தண்ணீர் வடிந்து, முகாமிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் பல குடும்பங்களுக்கு அடி தெரிகிறது. நகை அடகில், பயிர் சேற்றில், வண்டி மெக்கானிக் கடையில். கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

நான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். இழப்பை ஈடுகட்டும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு, ஒரு தாள் உண்டு. அந்தத் தேதிகளில் பெரும்பாலானவை கூண்டு ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் ஆடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: உங்களுக்கு எது வழியாக ஆபத்து வரும் என்று எழுதுங்கள்

நம் பகுதிக்கு அடி மூன்று வழியாக வருகிறது. முதலாவது காற்று. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. மார்கழி பாதி ஆகிவிட்டது, இனிமேல் புயல் வராது என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்கு அந்தத் தேதியே சாட்சி. இரண்டாவது, தலைக்கு மேலேயே கொட்டும் மழை. 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர்.

மூன்றாவதுதான் ஏமாற்றுவது: வெளியூரில் பெய்து, இங்கே வரும் தண்ணீர். ஃபெஞ்சல் கரையைக் கடந்து, இங்கே மழை குறைந்து, எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி சாத்தனூர் அணைக்கு வந்தது. அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, கடலூரின் ஆற்றங்கரை ஊர்கள் புயல் போன பிறகு மூழ்கின. தெற்கே வெள்ளாறும் கொள்ளிடமும், குறிஞ்சிப்பாடி பக்கம் பரவனாறும், நகருக்குள்ளேயே கெடிலமும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

ஒரு நோட்டை எடுத்து வீடு, கடை, வயல், மாடு, படகு, வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூன்றில் எது அதைத் தொடும், 2015-லும் 2024-லும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, இன்று அதைத் திரும்ப வாங்க எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் நல்லது. எந்த வருடம் எந்த வாசல்படி வரை தண்ணீர் வந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 2: இழப்பை மூன்று அளவாகப் பிரியுங்கள்

எல்லாவற்றுக்கும் காப்பீடு எடுக்க முடியாது, தேவையும் இல்லை. ஒரு வாரம் வேலை இல்லை, மிக்ஸி கெட்டுப்போனது, ஓடு நாலு பறந்தது என்பதெல்லாம் சின்ன இழப்பு. இதைக் கைப்பணத்தில் தாங்க வேண்டும். மோட்டார் பம்புசெட், ஒரு பருவத்து உழவுச் செலவு, இரண்டு மூன்று மாத வருமானம் போவது நடுத்தர இழப்பு. இதற்குச் சேமிப்பும் குறைந்த வட்டிக் கடனும். வீடு இடிவது, கடைச் சரக்கு மொத்தமும் போவது, படகு உடைவது, சம்பாதிக்கிறவர் உயிர் போவது போன்றவற்றை எந்தச் சேமிப்பும் தாங்காது. காப்பீடு இந்த மூன்றாம் வகைக்குத்தான்.

நம் வீடுகளில் பல நேரம் இது தலைகீழாக இருக்கிறது. கைபேசிக்குக் காப்பீடு இருக்கும், வீட்டுக்கு இருக்காது.

கைப்பணம் சேர்ப்பதற்கு ஒரு யோசனை. தை மாதம் அறுவடைப் பணம் கைக்கு வரும்போது வங்கியில் ஒன்பது மாதத் தொடர் வைப்பு ஒன்று தொடங்குங்கள். அது புரட்டாசி வாக்கில் முதிர்ந்து கையில் நிற்கும். மார்கழியிலோ அடுத்த சித்திரையிலோ முடியும் சீட்டு இந்தத் தேவைக்கு உதவாது, தள்ளி எடுத்தால்தான் உண்டு.

நகை விஷயம் இன்னும் முக்கியம். ஆடி, ஆவணியில் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் நகையை வைத்துவிடுகிறோம். கார்த்திகையில் வெள்ளம் வரும்போது அடகு வைக்க வீட்டில் ஒன்றும் இருக்காது, அப்போதுதான் கந்து வட்டிக்காரரிடம் போக நேர்கிறது. ஆகவே சாகுபடிச் செலவுக்கு முடிந்தவரை கூட்டுறவு சங்கத்தின் பயிர்க்கடனை வாங்குங்கள். தவணை தேதிக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டி இல்லை. நகையில் ஒரு பகுதியாவது ஐப்பசி முதல் மார்கழி வரை வீட்டில் அல்லது லாக்கரில் அடகு இல்லாமல் இருக்கட்டும்.

படி 3: நிவாரணத்தை உள்ளபடி கணக்கில் எடுங்கள்

அரசு நிவாரணம் உங்கள் உரிமை, கேட்டு வாங்க வேண்டியது. ஆனால் அது நஷ்ட ஈடு என்ற அளவுக்கு வராது. ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, குடிசைக்கு 10,000. புதுச்சேரியில் ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாயும் பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் அறிவித்தார்கள்.

ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். 17,000 என்றால் ஏக்கருக்கு 7,000 கூட வராது. நடவு, களை, உரம் என்று ஏக்கருக்கு நீங்கள் போட்ட முதலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், மீதி எங்கிருந்து வர வேண்டும் என்று புரிந்துவிடும்.

இந்தப் பணம் வர இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு உயிரோடு இருப்பது. வருடக்கணக்கில் தொடாத கணக்கை வங்கி செயலற்றதாக வைத்திருக்கும். புரட்டாசியிலேயே நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு, அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், இந்தப் பருவத்துப் பயிர் உங்கள் பெயரில் ஏறியிருப்பது. குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். உழுது நட்டவர் ஒருவர், பட்டாவும் அடங்கலும் இன்னொருவர் பெயரில், பணம் அந்தக் கணக்குக்குப் போய்விடும். குத்தகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பயிரிடுவோர் பெயரில் அடங்கல் வாங்குங்கள். நில உரிமையாளரிடம் இதைப் பேச மழைக்கு முந்தைய மாதம்தான் சரி, சேதத்துக்குப் பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

படி 4: பயிர்க் காப்பீடு, கணக்கோடு

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், புவனகிரி பக்கம் சம்பா போடுகிறவர்களுக்கு இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கியது. விவசாயி கட்டும் பங்கு காரிஃப் என்ற தென்மேற்குப் பருவமழைக்காலப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி என்ற குளிர்காலப் பயிருக்கு 1.5 சதவீதம், ஆண்டுப் பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு 5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. நம் சம்பா நெல் ராபியில் சேர்வதால் 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 540 ரூபாய்.

2020-லிருந்து பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயம் இல்லை. அதனால் “சங்கத்தில் பிடித்திருப்பார்கள்” என்று நம்பி இருக்கக் கூடாது. பிடித்தார்களா, எந்தப் பயிருக்கு, எவ்வளவு பரப்புக்கு என்று ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. சில வருடம் நீட்டிப்பார்கள், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். கடைசி வாரத்தில் பொது சேவை மையங்களில் கூட்டமும் இருக்கும், சர்வரும் மக்கர் செய்யும். நட்டு முடித்த கையோடு சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.

ரசீது கைக்கு வந்ததும் அங்கேயே நின்று நாலு இடத்தைப் படியுங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண் உட்பிரிவோடு, பயிரின் பெயர், வங்கிக் கணக்கு எண். கிராமத்தின் பெயரில் பிழை இருந்தால் பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் வந்து உங்களுக்கு வராமல் போகும். “தெற்கு”, “வடக்கு” என்று முடியும் இரட்டைக் கிராமங்களில் இதை ரொம்பக் கவனமாகப் பாருங்கள். ஒரே சர்வே எண்ணை உரிமையாளரும் குத்தகைதாரரும் தனித்தனியாகப் பதிந்தாலும் சிக்கல்தான்.

இப்போது, இழப்பீடு எப்படிக் கணக்காகிறது என்று பார்ப்போம். உங்கள் ஒரு வயலைப் பார்த்துக் கணக்கு போடுவதில்லை. நெல்லுக்கு வருவாய்க் கிராமத்தையே ஓர் அலகாக எடுத்து, அறுவடை சமயத்தில் சில வயல்களில் சோதனை அறுவடை செய்து, கிராமத்தின் சராசரி விளைச்சலைக் கண்டுபிடிக்கிறார்கள். அதை முந்தைய ஆண்டுகளின் அடிப்படையில் நிர்ணயித்த உத்தரவாத விளைச்சலோடு ஒப்பிடுகிறார்கள். உத்தரவாத விளைச்சல் ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த வருடம் கிராமச் சராசரி 1,400 கிலோ என்றால் குறைவு 600 கிலோ, அதாவது 30 சதவீதம். 36,000-இல் 30 சதவீதம், ஏக்கருக்கு 10,800 ரூபாய். உங்கள் வயல் முழுக்க அழுகிப்போயிருந்தாலும் கிராமச் சராசரி 2,000-க்குக் கீழே போகவில்லை என்றால் இந்த வழியில் ஒன்றும் வராது. அதனால் சோதனை அறுவடை எந்த வயலில், எந்தத் தேதியில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடவே நில்லுங்கள். எடை போடுவதைப் பாருங்கள். கிராமத்துக்கே வரும் பணம் அந்தத் தராசில்தான் முடிவாகிறது.

கிராமச் சராசரியைத் தாண்டி வேறு சில வழிகளும் உண்டு. மழை பொய்த்தோ வெள்ளத்தாலோ கிராமத்தில் முக்கால்வாசிப் பரப்பில் விதைக்கவே முடியவில்லை என்றால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். அறுத்து வயலில் பரப்பிக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ கெட்டால், தனி வயலுக்கே இழப்பீடு உண்டு. தை மாதத்தில் திடீர் மழை கொட்டும்போது நம் டெல்டா பகுதிக்கு இந்த விதி ரொம்ப உதவும். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 14447 என்ற எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, வங்கி அல்லது வேளாண் அலுவலகத்திலோ சொல்லலாம். எங்கே சொன்னாலும் புகார் எண் ஒன்றை வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நெல் மூழ்குவதைப் பற்றி ஒரு சொல். தனி வயல் மூழ்கினால் இழப்பீடு என்ற பிரிவிலிருந்து நெல்லை 2018-இல் எடுத்துவிட்டார்கள். வெள்ளம் வந்து ஒரு மூலை வயல் மட்டும் அழிந்த நம் ஊர் விவசாயிகளுக்குப் பணம் வராமல் போனதற்கு இதுதான் காரணம். 2026 காரிஃப் முதல் நெல்லை மீண்டும் அந்தப் பிரிவில் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. பதிவு செய்யப் போகும்போது, இந்தப் பருவத்துக்கும் இந்த மாவட்டத்துக்கும் அது அறிவிக்கையில் இருக்கிறதா என்று வேளாண் உதவி அலுவலரிடம் கேளுங்கள். இருந்தால் இதற்கும் அதே 72 மணி நேரம்தான்.

முந்திரி, பலா வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. இந்தத் திட்டம் விளைச்சலைப் பார்க்கிறது. முப்பது வருட மரம் சாய்ந்தால் மரத்தின் விலையை அது தராது, புதுக் கன்று பலன் கொடுக்கும் வரை போகும் வருமானத்தையும் தராது. தானேயில் பண்ருட்டிக்கு நடந்தது அதுதான். தோப்புக்காரர்களுக்கு என் யோசனை: மொத்த நிலத்தையும் ஒரே வயது மரமாக வைக்க வேண்டாம். பழைய மரங்களைப் பகுதி பகுதியாக மாற்றி நடுங்கள், மழைக்காலத்துக்கு முன் கவாத்து செய்து காற்று புகுந்து போக வழி விடுங்கள். தோப்புக்குள் மணிலாவோ (வேர்க்கடலை) உளுந்தோ ஒரு பகுதியில் போட்டால் மரம் விழுந்த வருடத்திலும் கையில் கொஞ்சம் வரும். பணக் காப்பு என்பது பாலிசித் தாளில் மட்டும் இல்லை.

படி 5: வீடும் கடையும்

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கின்றன. பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், இடி எல்லாம் இதற்குள்ளேயே வரும். பத்து ஆண்டுகள் வரை சேர்த்தும் எடுக்கலாம்.

தொகையைத் தீர்மானிக்கும்போது மனையின் விலையைச் சேர்க்காதீர்கள். வெள்ளம் மனையைக் கொண்டுபோகாது. 800 சதுர அடி வீடு, இன்று திரும்பக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ஆகும் என்றால், 16 லட்சம்தான் உங்கள் தொகை. கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். நம் கணக்கில் 3,20,000. வீட்டுக் கடன் இருந்தால் வங்கி ஏற்கெனவே ஏதோ பாலிசி பிடித்திருக்கும். அது கட்டடத்துக்கா, கடன் வாங்கியவர் உயிருக்கா என்று கேட்டுப் பாருங்கள். பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சுவர் என்ன, கூரை என்ன என்பதை விண்ணப்பத்தில் உள்ளபடி எழுதுங்கள். ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ இருக்கும்போது கான்கிரீட் என்று எழுதினால் அந்தப் பாலிசி தேவைப்படும் நாளில் நிற்காது.

கடைக்காரர்களுக்கு இதே வரிசையில் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா இருக்கிறது. ஓர் இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள சொத்துக்கு. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். கடலூர் முதுநகரில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பாலிசி எடுக்கும்போது சரக்கு 5 லட்சம், அதற்கே எடுக்கிறார். ஐப்பசியில் தீபாவளிச் சரக்கு இறங்கி 10 லட்சம் ஆகிறது. அதே வாரம் கெடிலம் தண்ணீர் புகுந்து 2 லட்சம் சரக்கு நனைகிறது. 2 லட்சமும் வரும் என்று அவர் நினைப்பார், வராது. சரக்கில் பாதிக்குத்தான் காப்பீடு இருந்ததால் இழப்பிலும் பாதி, 1 லட்சம்தான் தருவார்கள். 15 சதவீதம் வரையிலான குறைவை மன்னிக்கும் விதி இருக்கிறது, பாதி குறைந்தால் மன்னிக்காது. ஆகவே தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் போடும்போதே காப்பீட்டுத் தொகையை உயர்த்தி எழுதித் தரச் சொல்லுங்கள். கொள்முதல் பில், ஜிஎஸ்டி கணக்கு, சரக்குப் பட்டியல் மூன்றும் கடைக்கு வெளியே ஒரு நகல் இருக்கட்டும். கடையும் நனைந்து பில்லும் நனைந்தால் எவ்வளவு சரக்கு இருந்தது என்று நிரூபிக்கவே வழியிருக்காது.

இவை எதையும் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவான பிறகு கேட்டால் கொடுக்கத் தயங்குவார்கள். புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

படி 6: வண்டி, மாடு, படகு, ஆள்

வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு வேண்டும். கார் என்றால் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவையும் சேர்ப்பது நல்லது. தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி உடைந்தால், நீங்கள் செய்ததால் வந்த சேதம் என்று மறுப்பார்கள். படம் எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மாட்டுக்கு கால்நடை மருத்துவமனை வழியாக மானியக் காப்பீடு உண்டு. காதில் மாட்டும் அடையாள எண் தோடு இல்லாமல் இழப்பீடு இல்லை. தோடு விழுந்துவிட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன் தோடோடு படமும் கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். அரசு நிவாரணத்துக்கும் அதே சான்றுதான் கேட்பார்கள்.

படகுக்கு மீன்வளத் துறைப் பதிவு எண்தான் அடிப்படை. பதிவு புதுப்பிக்காத ஃபைபர் படகு உடைந்தால் நிவாரணப் பட்டியலில் ஏறுவதே சிரமம். எஞ்சின், வலை வாங்கிய பில்களை வீட்டில் பத்திரமாக வையுங்கள். படகுக் காப்பீடு எடுக்கும்போது வலையும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு பக்கம் பேசிப் பார்த்தால், படகைவிட வலைக்குப் போட்ட முதல் அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகின்றன. கடலுக்குப் போக முடியாத மழை மாதங்களுக்காகவே உள்ள பணம் அது, விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தால் 5 லட்சம் உண்டு. பிரீமியத்தை அரசுகளே கட்டுகின்றன, பெயர் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கூட்டுறவு சங்கத்தில் பாருங்கள்.

ஆளுக்கு: பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. வெள்ளத்தில் மூழ்கி இறப்பதும் விபத்தில் சேரும். ஜீவன் ஜோதி திட்டத்தில் 436 ரூபாய்க்கு எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டும் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து எடுப்பார்கள். அன்று இருப்பு இல்லை என்றால் ஜூன் முதல் காப்பு இல்லை, குடும்பத்துக்கு அது தெரியவும் தெரியாது. வாரிசுதாரர் பெயரை ஒருமுறை சரிபாருங்கள்.

படி 7: காகிதங்கள்

பட்டா, பத்திரம், ரேஷன் அட்டை, ஆதார், சங்கப் புத்தகம், பாலிசிகள், கல்விச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து டிஜிலாக்கரிலும் வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் கைபேசியிலும் வையுங்கள். மூலப் பிரதிகளைக் கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாய் ஒட்டி, பரணில். பீரோவின் அடித்தட்டில் வைக்கவே வேண்டாம்.

படி 8: கூண்டு ஏறிய பிறகு

இப்போது புதிதாக வாங்க ஒன்றுமில்லை, ஆதாரம் சேர்க்கும் வேலை மட்டும். வீடு, கடை, மாட்டுக் கொட்டகை, வயல் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். தொலைக்காட்சி, பிரிட்ஜ், மோட்டார் ஆகியவற்றின் வரிசை எண் தெரிய வேண்டும். பத்து நாள் செலவுக்கு 100, 200 ரூபாய் நோட்டாகப் பணம் எடுங்கள். தானேக்குப் பிறகு பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. மின்சாரமும் டவரும் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் இங்கே மழை விட்டதைப் பார்த்து ஏமாற வேண்டாம், சாத்தனூரின் திறப்பு அளவைக் கேட்டுக்கொண்டே இருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

படி 9: தண்ணீர் வடிந்த முதல் மூன்று நாள்

சுத்தம் செய்யத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திப் படம் எடுங்கள், உயரம் தெரியும். நனைந்த சரக்கையும் சாமானையும் மதிப்பீட்டாளர் வரும் வரை தூக்கிப்போடாதீர்கள். நாற்றம் தாங்காமல் போட்டே ஆக வேண்டும் என்றால் எண்ணி, படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுப் போடுங்கள். அன்றே போன் செய்து கிளைம் எண் வாங்குங்கள், கூடவே எழுத்திலும் அனுப்புங்கள். பயிருக்கு 72 மணி நேரம் என்று மேலே சொன்னேன், கடிகாரம் சேதம் நடந்த நேரத்திலிருந்து ஓடுகிறது.

அடுத்து கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பு. வீடு வீடாக வரும்போது ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள்தான் அதிகம் விடுபடுகின்றன. முகாமில் இருந்தாலும் ஒருவரை வீட்டில் நிறுத்துங்கள். பட்டியலில் பெயர் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள், வரவில்லை என்றால் வட்டாட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வீடு பகுதி இடிந்ததா, முழுதும் இடிந்ததா என்பதில் தொகை பல மடங்கு மாறும். எப்படி எழுதுகிறார்கள் என்று அங்கேயே கேட்பதில் தவறே இல்லை.

சான்றிதழ்கள் நனைந்து போயிருந்தால் கவலை வேண்டாம். 2015-லும் 2023-லும் வெள்ளத்துக்குப் பிறகு அரசே சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுத்தது.

படி 10: கடனும் தகராறும்

பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று அரசு அறிவித்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி பயிர்க்கடனை நீண்ட காலத் தவணையாக மாற்றித்தர வழி உண்டு. இது தள்ளுபடி இல்லை, வட்டி ஓடும். ஆனால் கணக்கு வாராக்கடன் ஆகாமல் அடுத்த பருவத்துக்குப் புதுக்கடன் கிடைக்கும். நாமாகக் கேட்டால்தான் பல கிளைகளில் செய்வார்கள். தவணை தவறிய பிறகு போவதைவிட, தேதிக்கு முன்பே போய் எழுத்தில் கொடுங்கள். சுய உதவிக் குழுக் கடனுக்கும் நுண்கடனுக்கும் இதையே செய்யுங்கள். வசூலுக்கு வருகிறவர் மிரட்டினால் பயந்துபோய் இன்னொரு இடத்தில் வாங்கி இங்கே கட்டாதீர்கள். வெள்ள வருடத்தில் குடும்பங்கள் முழுகிப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கடனில்தான்.

காப்பீட்டுத் தொகை குறைவாக வந்தாலோ மறுத்தாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம்தான். 50 லட்சம் வரையிலான வழக்கு, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தனிநபரும் சிறு கடைக்காரரும் போகலாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் கடலூரிலேயே இருக்கிறது.

பயிர்க் காப்பீட்டுத் தகராறு மட்டும் வேறு வழி. அதற்கு ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குறைதீர்க் குழு உண்டு. மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுங்கள். தனியாகப் போவதைவிட ஒரே வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து, காப்பீட்டு ரசீது நகல்களையும் சோதனை அறுவடை நடந்த வயல், தேதி, எடை விவரத்தையும் வைத்துப் போங்கள். கிராமச் சராசரியைப் பற்றிய தகராறில் ஒருவரின் வயலைப் பற்றிப் பேசினால் எடுபடாது, கிராமமே அந்த எடையைக் கேட்க வேண்டும்.